உன் வாழ்க்கை மாறிவிட்டது, கையெழுத்துப் போடு

ஊராட்சி சமுதாயக் கூடத்தில் நாற்பது பெண்களை உட்காரவைத்து, இரண்டு மணி நேரம் கை கழுவுவதைப் பற்றிப் பேசி, ஆளுக்கு ஒரு டீயும் வடையும் கொடுத்து அனுப்பினால் எத்தனை பேர் பயனடைகிறார்கள்? நாற்பது என்று சொல்கிறவருக்குத் தொண்டு நிறுவனத்தில் வேலை கிடைக்காது. சரியான விடை 200. குடும்பத்துக்கு ஐந்து பேர் வீதம் பெருக்க வேண்டும். நாற்பது பேர் நேரடிப் பயனாளிகள், மிச்சம் 160 பேர் மறைமுகப் பயனாளிகள். "உலை கொதிச்சு அடங்கிப் போச்சு, எந்தக் கூட்டத்துல போய்க் குந்தியிருந்தே?" என்று வாசலில் நின்று வசைபாடிய மாமியார் அதில் ஒருவர். இரவு பத்து மணிக்குத் தள்ளாடிக்கொண்டு வந்து சேர்ந்த கணவர் ஒருவர். தூளியில் கிடக்கும் கைக்குழந்தையும் ஒருவர். அதற்கும் இரண்டு கை இருக்கிறதே!

அதே நாற்பது பேர் அடுத்த மாதம் சிறுதானியக் கூட்டத்துக்கு வந்தால் இன்னொரு 200. அதற்கடுத்த மாதம் இணையப் பாதுகாப்பு. அது இன்னொரு 200. அதே ஊராட்சியில் நான்கு சங்கங்கள் வேலை செய்தால் நான்கு சங்கங்களும் அவரவர் கணக்கில் அந்த மாமியாரைக் கடைத்தேற்றிவிடுகின்றன. ஆண்டு முடிவில் ஊரில் இருக்கிறவர்களைவிட ஊரில் பயனடைந்தவர்கள் அதிகமாகிவிடுவார்கள். 2011-க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனதால் யாரும் ஒப்பிட்டுப் பார்த்து மாட்டிக்கொள்ளவும் இல்லை.

இது ஏதோ மாவட்டத் தலைநகரத்து மாடிப்படி ஓரத்தில் போர்டு மாட்டியிருக்கும் சின்னச் சங்கங்களின் சில்லறைத் தந்திரம் என்று எண்ண வேண்டாம். ஆசான்கள் பெரிய இடத்தில் இருக்கிறார்கள். 2010 ஜனவரி 12 அன்று ஹைத்தியில் பூமி அதிர்ந்தது. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் ஏறத்தாழ 50 கோடி டாலர் திரட்டியது. 1,30,000 பேருக்கு வீட்டு வசதி செய்து கொடுத்தோம் என்று அறிவித்தது. 2015 ஜூனில் புரோபப்ளிகா செய்தி நிறுவனமும் என்.பி.ஆர். வானொலியும் அந்த வீடுகளைத் தேடிப் போயின. சங்கம் கட்டிய நிரந்தர வீடுகள் ஆறு. ஆறு ஆயிரம் இல்லை, ஆறு. அப்படியானால் அந்த 1,30,000 பேர் யார்? தற்காலிகக் கூடாரம் வாங்கியவர்கள், சில மாத வாடகைக்குப் பணம் வாங்கியவர்கள், அப்புறம் இடிந்த வீட்டை எப்படிப் பழுதுபார்ப்பது என்று நடந்த வகுப்பில் உட்கார்ந்து எழுந்தவர்கள். சங்கம் இந்தச் செய்தியை மறுத்தது, பணம் பல நல்ல வழிகளில் செலவானது என்று விளக்கம் சொன்னது. இருக்கட்டும். கூரை போனவனைக் கூப்பிட்டுக் கூரையைப் பற்றி வகுப்பெடுத்துவிட்டு, 'வீட்டு வசதி பெற்றவர்' பட்டியலில் அவன் பெயரைச் சேர்த்த அந்த விரல்களுக்கு ஒரு மோதிரமாவது போட வேண்டும்.

நமக்கும் ஒரு ஹைத்தி இருந்தது. 2004 டிசம்பர் 26, சுனாமி. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த சில வாரங்களில் அந்தக் கடற்கரைக்கு வந்து இறங்கிய தொண்டு நிறுவனங்களுக்குக் கணக்கில்லை. லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. வடக்கத்திக் குளிருக்கான ஸ்வெட்டரும், மீனவப் பெண்கள் யாரும் கட்டாத உடுப்பும் சாலையோரம் மலையாகக் குவிந்து, மழையில் நனைந்து, மாடு மேயக் கிடந்தன. அனுப்பியவர்களின் அறிக்கையில் அது 'இத்தனை டன் நிவாரணம்'. அப்புறம் படகு. கொடுக்கிறவர்களுக்குப் படகு பிடித்திருந்தது. வரிசையாக நிறுத்தலாம், பக்கவாட்டில் நிறுவனத்தின் பெயரை எழுதலாம், கடலைப் பின்னணியில் வைத்துப் படம் எடுக்கலாம். கட்டுமரம் வைத்திருந்தவருக்கும் ஃபைபர் படகு. ஒரே ஆளுக்கு இரண்டு நிறுவனங்களிடமிருந்து இரண்டு படகு. தேவைக்கு மேல் படகாகிவிட்டது, மீன்வளம் தாங்காது என்று விவரம் தெரிந்தவர்கள் கத்தினார்கள். கொடுத்த படகை எண்ணத்தான் ஆள் இருந்தது, பிடித்த மீனை எண்ண யாரும் இல்லை. படகே இல்லாதவர்கள் அந்தக் கணக்குக்குள் வரவே இல்லை. கூடை தூக்கி மீன் விற்ற பெண்கள், கரையில் கூலிக்கு வலை இழுத்த தலித் குடும்பங்கள், முகத்துவாரத்தில் கையால் இறால் தடவிய இருளர்கள். அவர்களிடம் இழந்ததாகக் காட்ட ஒரு பொருளும் இல்லை, அதனால் அவர்கள் எதையும் இழக்கவில்லை என்று முடிவாயிற்று.

படம் எடுக்கத் தோதாக இருப்பதுதான் தர்மம் என்று ஆனபின் என்ன நடக்கும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவிலும் மொசாம்பிக்கிலும் ஒரு கதை இருக்கிறது. பிளேபம்ப் என்று ஒன்று. குழந்தைகள் ராட்டினம் சுற்றிச் சுற்றி விளையாடுவார்கள், அந்தச் சுழற்சியில் நிலத்தடி நீர் மேலே ஏறித் தொட்டியில் விழும். எவ்வளவு அழகு! 2006-இல் அமெரிக்க அதிபரின் மனைவி லாரா புஷ் மேடையேறி 1.64 கோடி டாலர் கூட்டு நிதியை அறிவித்தார். சில ஆண்டுகள் கழித்து கார்டியன் பத்திரிகையில் ஒருவர் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டார். சொன்ன அளவு தண்ணீர் சொன்ன அளவு மக்களுக்குக் கிடைக்க வேண்டுமானால் குழந்தைகள் ஒரு நாளைக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும். விளையாட்டு சலித்துப்போய்க் குழந்தைகள் ஓடிவிட்டபின், குடத்தோடு வந்த கிழவிகள் குனிந்து அந்த ராட்டினத்தைத் தள்ளினார்கள். முன்பு அங்கே இருந்த அடிபம்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு இதை நட்ட இடங்களும் உண்டு. "உங்களுக்கு இது வேண்டுமா?" என்று அந்தக் கிழவிகளை முதலிலேயே கேட்டிருந்தால் ஒரு கோடியே அறுபத்து நான்கு லட்சம் டாலரில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். கேட்டால் விழாவுக்கு மேடை ஏது?

நம் ஊரில் கேட்கிறார்கள். கேட்காமல் விடுவதில்லை. எப்படிக் கேட்கிறார்கள் என்பதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் எதிரே, டேப்லெட்டும் கையுமாக ஒரு சின்னப் பெண் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் ஒரு மார்க் சொல்லுங்க. பயிற்சிக்கு முன்னாடி உங்க தன்னம்பிக்கை எவ்வளவு இருந்துச்சு?"

"எதுக்கு மார்க்கு?"

"நம்மால முடியும்னு ஒரு நினைப்பு இருக்குமில்ல, அதுக்கு."

"அது இருக்கப்போயித்தானே மூணு புள்ளைய வச்சுக்கிட்டு ஒத்தையில காலம் தள்ளுறேன்."

"அப்ப அஞ்சா?"

"அஞ்சுன்னே போட்டுக்கம்மா."

சின்னப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. முன்னாலேயே ஐந்து என்றால் பயிற்சிக்குப் பிறகு அது எங்கே போய் உயரும்? கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "அக்கா, அஞ்சு போட்டா ஆபீஸ்ல திட்டுவாங்க. ரெண்டுன்னு போட்டுக்கவா?" என்றாள்.

"உனக்கு எது தோதோ போட்டுக்க கண்ணு. தையல் மிஷின் தர்றதாச் சொன்னீங்களே, அது எப்ப வரும்?"

அந்தக் கேள்விக்கு டேப்லெட்டில் கட்டம் இல்லை.

அந்தச் சின்னப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மாதம் பத்துப் பன்னிரண்டாயிரத்துக்கு, பெட்ரோல் காசுக்கும் பில் கேட்கும் அலுவலகத்தில், ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று கணக்குக் கொடுக்க வேண்டியவள் அவள். ஏசி அறையில் உட்கார்ந்து, மூன்று பிள்ளைகளை ஒற்றை ஆளாக வளர்க்கிறவளுடைய நெஞ்சுரத்துக்கு ஐந்து மார்க் தாள் தயாரித்தானே, அவனைத்தான் அந்தத் திண்ணையில் கொண்டுவந்து உட்காரவைக்க வேண்டும். பூ கட்டத் தெரியுமா என்று அவனைக் கேட்டு, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மார்க் போட வேண்டும்.

இப்படிச் சேகரித்த இரண்டுகளும் ஐந்துகளும் ஆர்ட் பேப்பரில் பச்சைநிறப் பட்டைகளாக உயர்ந்து நிற்கும். அதற்குப் பக்கத்தில் ஒரு சக்சஸ் ஸ்டோரி. அட்டைப்படத்துக்குச் சிரிக்கும் பெண். பல் தெரியச் சிரிக்க வேண்டும், ஆனால் சேலை கொஞ்சம் கசங்கியிருக்க வேண்டும். ரொம்ப நன்றாக இருந்தாலும் ஃபண்டு வராது, ரொம்ப மோசமாக இருந்தாலும் மாற்றம் தெரியாது. இந்த நுணுக்கத்தையெல்லாம் பயிற்சி கொடுத்துத்தான் கற்றுத்தருகிறார்கள்.

டோனர் விசிட் என்றால் கேட்கவே வேண்டாம். பதினொரு மணிக்கு வருகிற வேனுக்காக எட்டு மணியிலிருந்து பிள்ளைகள் வெயிலில் நிற்பார்கள். ஆரத்தித் தட்டு, கும்மி, பொன்னாடை. அன்றைக்குக் கூலி வேலைக்குப் போகாமல் வந்து உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு அந்த நாளின் சம்பளத்தை யாரும் தருவதில்லை. சாப்பாட்டுப் பொட்டலம் உண்டு. பக்கத்து ஊருக்குக் கொடுத்த பத்துத் தையல் மிஷின்களைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வந்து இந்த ஊர்க் கூடத்தில் அடுக்கிவைத்த கதையைக் களப்பணியாளர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், ஊருக்கு ஊர் அப்படி ஒரு கதை இருக்கிறது. பிறகு ஒரு பெண் எழுந்து மைக்கைப் பிடிப்பாள். "முன்னாடியெல்லாம் நான் வீட்டு வாசப்படியையே தாண்டுனதில்லை. இவங்க வந்த பிறகுதான் வெளியுலகமே தெரிஞ்சுது" என்பாள். பின்வரிசைப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். விடியற்காலை நாலே முக்கால் பஸ்ஸில் கீரைக்கட்டோடு டவுனுக்குப் போய், போலீஸ்காரனோடும் தண்டல்காரனோடும் மல்லுக்கட்டி விற்றுவிட்டு, எட்டு மணிக்குள் திரும்பிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறவள் அவள். அவளுக்கு வெளியுலகத்தைக் காட்டிக் கொடுத்தோம் என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார் வேனில் வந்தவர்.

இதையெல்லாம் அளக்கச் சட்டமும் இருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேலான கம்பெனிகள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிடச் சொல்கிறது. 2021 ஜனவரியில் விதிகளைத் திருத்தினார்கள். சராசரியாக ஆண்டுக்கு 10 கோடியும் அதற்கு மேலும் செலவிடக் கடமைப்பட்ட கம்பெனி, ஒரு கோடிக்குக் குறையாத திட்டங்களை அவை முடிந்து ஓராண்டாவது ஆனபின் சுயேச்சையான ஏஜென்சி ஒன்றைக் கொண்டு மதிப்பிட வேண்டும். நல்ல விதிதான், கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சுயேச்சையான ஏஜென்சியைத் தேர்ந்தெடுப்பது கம்பெனி, ஃபீஸ் கட்டுவதும் கம்பெனி. மாணவனே வாத்தியாருக்குச் சம்பளம் போட்டு, வேறு வாத்தியாரும் கிடைப்பார் என்று கதவோரம் நின்று சொல்லிவிட்டு, விடைத்தாளை நீட்டுகிற பரீட்சை இது. அந்த ஃபீஸையும் சமூகச் செலவுக் கணக்கிலேயே எழுதிக்கொள்ளலாம்: மொத்தச் செலவில் 2 சதவீதம் அல்லது 50 லட்சம், இரண்டில் எது அதிகமோ அதுவரை. முதலில் 'எது குறைவோ' என்றுதான் இருந்தது, 2022-இல் அதிகமாகிவிட்டது. பத்துக் கோடி செலவு செய்கிற கம்பெனி 50 லட்சம் வரை அளப்பதற்கே கொடுக்கலாம். மீட்டிங்குக்கு வந்த பெண்களுக்கு வடை ஒன்றுதான்.

அறிக்கை தயாரான பிறகு அதை என்ன செய்ய வேண்டும் என்றும் விதியில் எழுதியிருக்கிறார்கள். போர்டு முன் வைக்க வேண்டும், ஆண்டறிக்கையோடு இணைக்க வேண்டும். யாருடைய வாழ்க்கை மாறிப்போனது என்று அந்த 80 பக்கமும் சொல்கிறதோ அவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. ஆங்கிலத்தில் அச்சாகி, சென்னையிலோ மும்பையிலோ ஒரு கண்ணாடி அலமாரிக்குப் போய்விடுகிறது. அட்டையில் சிரிக்கிற பெண் அந்த அட்டையைப் பார்த்ததே இல்லை.

இந்தக் கூத்தில் உண்மையாக வேலை செய்கிறவன் அடிபடுகிறான். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் காலனித் தெருவில் மாலை வகுப்பு நடத்துகிறார். ஒவ்வொரு பிள்ளைக்கும் எந்த எழுத்தில் தடுக்கும் என்பதுவரை அவருக்கு மனப்பாடம். நிதி கேட்டுப் போன இடத்தில் நாற்பது பக்கப் படிவத்தை நீட்டினார்கள். லாக்ஃப்ரேம் என்ற திட்ட அட்டவணை வேண்டும், பேஸ்லைன் என்ற தொடக்கநிலைக் கணக்கு வேண்டும், ஐந்தாண்டில் எத்தனை பேருக்கு என்ன மாற்றம் என்று எக்செலில் வேண்டும். மனுஷன் உள்ளதை எழுதினார்: போன வருஷம் நான்கு பேர் பாதியில் நின்றுவிட்டார்கள், ஒருவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான், ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவிட்டார்கள், என்னால் தடுக்க முடியவில்லை. படிவம் திரும்பி வந்தது. பக்கத்துத் தெருவில் 'நூறு சதவீதத் தக்கவைப்பு' என்று எழுதிக்கொடுத்த சங்கத்துக்குப் பணம் போனது. அங்கே நின்றுபோன பிள்ளைகளின் பெயரை ரெஜிஸ்டரிலிருந்தே எடுத்துவிடுவார்கள், சதவீதம் குறைவதற்கு ஆளே இருக்காது. வாத்தியாரிடம் இன்னொன்றும் சொல்லி அனுப்பினார்கள்: நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 5 சதவீதம் என்பது கம்பெனி தன் சொந்த நிர்வாகச் செலவுக்குச் சட்டம் விதித்த வரம்பு. அதைக் கழற்றித் தொண்டு செய்கிறவன் கழுத்தில் மாட்டிவிடுவது சட்டமல்ல, சாமர்த்தியம். கணக்குப் பிள்ளை வைக்கக் காசு கிடையாது, ஆனால் கணக்கு மட்டும் சர்வதேசத் தரத்தில் வேண்டும்.

அளக்கவே கூடாது என்று நான் சொல்வதாக யாராவது கிளம்பி வரலாம். இல்லை. வலிக்க வலிக்க அளக்க வேண்டும். 2005-இல் பிரதம் அமைப்பு தொடங்கிய 'அசர்' ஆய்வைப் பாருங்கள். பள்ளிக்குப் போனால் தேறிய பிள்ளைகளை முன்னால் நிறுத்துவார்கள் என்று தெரிந்து வீடு வீடாகப் போனார்கள். இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு சின்னப் பாடத்தைப் பிள்ளையிடம் நீட்டி, படி என்றார்கள். அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேரால் அதைப் படிக்க முடியவில்லை என்ற செய்தி மீண்டும் மீண்டும் வந்து எல்லா அரசுகளுக்கும் எரிச்சலூட்டியது. தமிழ்நாட்டிலும் ஊட்டியது. நுண்கடன் வாழ்க்கையைப் புரட்டிப் போடுகிறது என்று உலகமே பஜனை பாடியபோது, இந்தியா உட்பட ஆறு நாடுகளில் கடன் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் 2015-இல் ஒன்றாக வெளிவந்தன. சின்னச் சின்ன நன்மைகள் உண்டு, புரட்சி எதுவும் இல்லை என்றன. அந்த ஆய்வாளர்களில் சிலருக்கு நோபல் பரிசு வரை கிடைத்தது. மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு பெண் சிரிக்கும் நுண்கடன் போஸ்டர் அதற்குப் பிறகும் மாறவில்லை. உண்மையான அளவுகோல் கைவசம் இருக்கிறது. அதை எடுத்தால் சில பச்சைப் பட்டைகள் சிவப்பாகும், சில இயக்குநர்களின் வெளிநாட்டுக் கருத்தரங்குகள் ரத்தாகும். அதனால்தான் டேப்லெட்டோடு சின்னப் பெண்ணை அனுப்புகிறார்கள்.

டேப்லெட் இல்லாமலும் அளக்கலாம். 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானா என்ற கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற மக்கள் அமைப்பு ஒரு வேலை செய்தது. பஞ்சாயத்து வேலைகளின் பில்லையும் கூலிப் பதிவேட்டையும் ஊர் நடுவில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தார்கள். இந்தக் கட்டடம் முடிந்தது என்று பில் இருக்கிறது, முடிந்ததா? இன்னார் இத்தனை நாள் கூலி வாங்கியதாக எழுதியிருக்கிறது, வாங்கினாரா? யார் பெயர் இருந்ததோ அவர்களே எழுந்து பதில் சொன்னார்கள். எக்செல் இல்லை, ஏஜென்சி இல்லை, 50 லட்சம் இல்லை. 2005-இன் தகவல் உரிமைச் சட்டத்துக்கு விதை விழுந்ததும், அதே ஆண்டு வந்த வேலை உறுதிச் சட்டத்தில் கிராம சபையின் சமூகத் தணிக்கை ஏறியதும் இந்த வாசிப்புகளால்தான். அரசாங்கத்தின் கணக்கைச் சந்தியில் வாசிக்க வேண்டும் என்று மேடைக்கு மேடை முழங்கிய தொண்டு நிறுவனங்கள் தங்கள் கணக்கை எந்தச் சந்தியில் வாசித்தன? "வெளிப்படைத்தன்மை" என்று ஆண்டறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் படத்தோடு போட்டிருக்கிறார்களே, அந்தப் பக்கத்தையாவது யாருக்காவது படித்துக் காட்டியதுண்டா?

வாசிக்கட்டும். 'இந்த ஊரில் 1,200 பேர் பயனடைந்தனர்' என்ற வரியை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிறுத்தட்டும், ஊரில் மொத்தமே 900 பேர்தான் என்று ஒரு கிழவர் சொல்லட்டும். 'தன்னம்பிக்கை இரண்டிலிருந்து உயர்ந்தது' என்று வாசிக்கும்போது பூக்கட்டுகிறவள் எழுந்து, இரண்டு என்று நான் எப்போது சொன்னேன் என்று கேட்கட்டும். தையல் மிஷின் எங்கே என்று கேட்கட்டும். நின்றுபோன நான்கு பிள்ளைகளைப் பற்றி வாத்தியார் மைக்கில் சொல்லட்டும், அவருக்குக் கைதட்டுவதா வேண்டாமா என்பதை அந்தப் பிள்ளைகளின் தாய்மார்கள் முடிவு செய்யட்டும்.

இதற்குத் தனியாக ஒரு விழா எடுக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மைக் செட்டும் ஜமக்காளமும் ஊராட்சியிலேயே இருக்கின்றன. அறிக்கையைத் தமிழில் எடுத்துக்கொண்டு இயக்குநர் நேரில் வர வேண்டும். ஆரத்தி கிடையாது.